கம்பியில் வைத்த கை

நவம்பர் 11, செவ்வாய்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், வேறு யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். தொபியாஸ் சித்தப்பாவிடம் கண்டிப்பாக வேண்டாம். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்கு அடியில், வைத்துவிடுங்கள். பிளஸ் ஒன் படிக்கிறவளுக்கு இந்த வீட்டில் அதைவிட நல்ல ஒளிவிடம் இல்லை.

நேற்று ராத்திரி மாடி அறையில் இரைச்சல் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாடி அறை என் அண்ணன் கிளாட்வினுடையது. இந்தத் திருவிழாவோடு அண்ணன் இறந்து ஒரு வருடம். அறையைப் பூட்டி, சாவியை மாதா படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறோம். உள்ளே அண்ணன் தன் கையால் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரும், அதன் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்பிளிஃபயர் பெட்டியும் இருக்கின்றன. கரண்டு அடித்து அண்ணன் சாகும்போது அவன் கையில் இருந்தது அந்தக் கிட்டார்தான்.

கிட்டாரைப் பெட்டியில் சொருகி, யாரும் தொடாமல் விட்டால், ஊ என்று மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். கம்பியில் கை வைத்ததும் அடங்கிவிடும். கையை எடுத்தால் மறுபடியும் இரையும். "அதுக்குப் பக்கத்துல ஆள் வேணும் இம்மா. தனியா விட்டா அழும்" என்பான் அண்ணன். இம்மா என்றால் நான்.

நேற்று வெகுநேரம் இரைந்தது. பிறகு சட்டென்று அடங்கியது. சுவிட்சை அணைத்திருந்தால் பெட்டியில் டொப்பென்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை.

யாரோ கம்பியில் கை வைத்தார்கள்.

காலையில் பார்த்தேன். சாவி ஆணியிலேயே தொங்கியது.

நவம்பர் 12, புதன்

இன்று ஒன்றும் கேட்கவில்லை. ஃபிசிக்ஸ் பரீட்சை சுமார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், பேட்டரி மங்குகிறது.

நவம்பர் 14, வெள்ளி

இன்று கோவிலில் கொடியேற்றம். முடிந்ததும் சித்தப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சித்தப்பா, அப்பாவின் தம்பி. தூத்துக்குடியில் எங்கள் பக்கத்துக் கோவில் விசேஷம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் 'தொபியாஸ் சவுண்டு சர்வீஸ்'தான் மைக்செட். வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போல அம்மாவைச் சீண்டினார். "மதினி, இது டீயா, ஆர்பர்ல மோந்த தண்ணியா?" முன்பெல்லாம் அம்மா கரண்டியை ஓங்குவாள். இப்போது டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிடும்போது சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை மாடியறையில் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாராம். திருவிழாவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, பாடற்குழுவுக்கு மெர்வின் கிட்டார் வாசிக்கிறான், அதற்கு வேண்டுமாம். மெர்வின் அண்ணனின் கூட்டாளி. எங்கள் தெருதான்.

"அந்தக் கிட்டாரு கட்டையையும் எடுத்துக்கிடுதேன் மதினி. போட்டுல கொண்டு போயி நடுக்கடல்ல தள்ளிருதேன். இந்த வீட்டுல இனிமே அது இருக்கப்படாது" என்றார்.

அம்மா சரி என்றாள். அண்ணனைக் கொன்றது கிட்டார் என்றுதான் அம்மா நம்புகிறாள். தெருவே நம்புகிறது. போலீஸ்காரரும் 'வீட்டில் செய்த கருவி' என்று எழுதிக்கொண்டு போனார்.

கிட்டார்தான் காரணம் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய்க்கு வந்துவிட்டது.

"ஏட்டி, கடையில வாங்குன சாமானும் வீட்டுல பண்ணுன சாமானும் ஒண்ணா? கடலுக்குப் போற வல்லத்துப் பலகையில எவனாவது கிட்டாரு பண்ணுவானா?"

சித்தப்பா இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடது கையில் மோதிர விரல் கிடையாது. ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் கம்பியில் மாட்டிப் போனது. அதனால் முள் எடுக்க அவருக்கு நேரமாகும். ஆனால் இன்று எடுத்த முள்ளையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15, சனி

ராத்திரி மறுபடியும் கேட்டது. இரைந்தது, அடங்கியது. நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். அண்ணன் என்றால் பயப்படக் கூடாது. அண்ணன்தானே. ஆனால் பயமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் அம்மா கோவிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போனாள். அப்பாவுக்கு ஷிப்டு. சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அறையில் உப்புக்காற்றும் பழைய மெழுகும் கலந்த வாசனை. அண்ணன் காந்தக் கட்டையைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுவான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அந்தச் சுருள்தான். அம்மாவின் தையல் மெஷினில் நூல்கண்டு சுற்றும் சக்கரத்தில் மாட்டிச் சுற்றினான். அறுந்து அறுந்து போகும், அம்மா திட்டித் தீர்ப்பாள். சுற்றிய பிறகு சுருளை உருகிய மெழுகில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். அதற்கு மெழுகு, மாதா கெபியில் எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகள். கோவில் உபதேசியார் பார்க்காத நேரத்தில் நான்தான் பாவாடையில் அள்ளி வருவேன்.

கிட்டார் கட்டிலில் கிடந்தது. உடல் பகுதி உடைந்த வல்லத்தின் பலகை. அதில் ஆணி போன ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. சத்தம் கூட்டும் குமிழ் உடைந்துபோனதால் பற்பசை மூடியை வைத்திருந்தான். அழகாக வாங்கி மாட்டு என்றால், "சத்தம் மூடி வழியா வரல" என்பான்.

பெட்டியின் மேல் விரல் தடிமனுக்குத் தூசி. கிட்டாரில் தூசி இல்லை.

எங்கள் ஊர்க் காற்றில் கம்பி இரண்டு வாரத்தில் துரு ஏறிவிடும். கம்பிகள் எல்லாம் பழுப்பாக இருந்தன. மூன்று இடங்களில் மட்டும் துரு உரிந்து பளபளத்தன. யாரோ திரும்பத் திரும்ப அதே இடங்களில் விரல் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி. பிறகு ஒன்று. அண்ணன் அப்படிப் பிடிக்கவே மாட்டான். அப்படி ஒரு சுரமே கிடையாது.

கதவைப் பூட்டிவிட்டு ஓடிவந்தேன். அம்மாவுக்காகச் சாதம் வடித்து, கருவாடு பொரித்து வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கிட்டாரைக் கடலில் போடுவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். அது கொன்றதா இல்லையா. கொன்றதென்றால் நானே போட்டில் ஏறிப் போய்த் தள்ளிவிடுவேன்.

பூசை முடிந்து அம்மாவும் அப்பாவும் கல்லறைக்குப் போனார்கள். தலைவலி என்று நான் வீட்டில் நின்றுவிட்டேன். கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினேன். உட்குழி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. இரைச்சல் உள்ளே வராமல் இருக்க அண்ணன் ஒட்டியது, பிரியாணிப் பொட்டலத்தில் வந்த தாள். ஒட்டும் முன் இரண்டு முறை கழுவினோம், அப்படியும் ஒரு வாரம் கிட்டாரில் மசாலா வாசனை. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நான் சிரித்ததில் கை ஆடி, ஈயம் சொட்டிவிட்டது. அந்தச் சொட்டு இன்னும் அங்கே இருக்கிறது.

அண்ணனின் மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. எதுவும் மாறி ஒட்டவில்லை. கிட்டாருக்குள் கரண்டே கிடையாது. பெட்டியிலிருந்து வந்தால்தான் உண்டு.

கிட்டார் கொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பெட்டியின் பிளக்கைத் திறந்தேன்.

மூன்று பின் பிளக். உள்ளே சிவப்பு வயர், கறுப்பு வயர், இரண்டும் அதனதன் இடத்தில். எர்த் கம்பி, அந்தப் பச்சை வயர், அறுத்து மடித்துவிடப்பட்டிருந்தது. மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அண்ணன் பல தடவை சொல்லியிருக்கிறான். பெட்டிக்குள் எங்கேயாவது கரண்டு கசிந்தால் பச்சை வயர் அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஃபியூஸ் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வான். பச்சை வயர் இல்லாவிட்டால் கரண்டு அங்கேயே காத்திருக்கும். பெட்டியின் தகரத்தில், கிட்டார் கம்பியில், ஒரு மனிதன் வந்து தொடும்வரை.

ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பெட்டியை ஆன் செய்தேன். டெஸ்டரைக் கிட்டார் கம்பியில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது.

வீட்டில் எல்லா வேலையையும் அண்ணன் ரப்பர் செருப்போடுதான் செய்வான். போன வருடம் கோவில் முற்றத்தில் மேடைமேல் மாதா சொரூபம் இருந்தது. அதனால் வாசிக்கிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கீழே விட்டார்கள். தூசி அடங்க மேடை மண்ணில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அண்ணன் ஒரு கையில் கிட்டாரோடு, மறு கையால் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். நான் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மேடைக்கு மைக்செட் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை இதே பெட்டி, இதே மேடை. மெர்வினும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான்.

சித்தப்பாவைப் பிடிக்காமல் போக முடியவில்லை. அவர்தான் என் காது குத்துக்குக் கம்மல் வாங்கித் தந்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோவில் வாசலில் சித்தப்பா சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு மூட்டிலும் டேப்பைச் சுற்றி, கத்திரியால் வெட்டி, நுனியைத் துளி மடித்துவிடுகிறார். மறுபடி பிரிப்பதற்குச் சுலபமாம். எல்லா மூட்டிலும் அந்த மடிப்பு இருக்கிறது. "என்னட்டி பாக்குற, தொழிலுக்கு வாறியா?" என்று கேட்டார்.

பிளக்கில் இருந்த டேப்பில் மடிப்பு இல்லை. நுனி பிய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மாடியில் அந்தப் பச்சை வயரை உரித்து அதன் பின்னில் மாட்டினேன். பெட்டி நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. கீழே அம்மாவின் மெஷின் லைட்டும் நின்றுவிட்டது, அம்மா "யேசுவே" என்றாள்.

அப்பா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். நான் பூனைபோலக் கீழே இறங்கி வந்தேன். அப்பா ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் புதுக் கம்பி சுற்றினார். நான் மெழுகுவர்த்தி பிடித்தேன். ஏன் போனது என்று என்னிடம் கேட்கவே இல்லை. கட்டையின் விரிசலுக்கு டேப் சுற்றினார். விரல் இல்லாத கையால் கத்திரி பிடிக்க வராது. அப்பா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

லைட் வந்தது. அம்மா இட்லி ஊற்றினாள். நாளைக்கு மேத்ஸ் வீட்டுப்பாடம் இருக்கிறது, எட்டாவது கணக்கு வரவில்லை.

நவம்பர் 19, புதன்

ராத்திரி இரைந்தது, அடங்கியது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பச்சை வயர் மறுபடியும் அறுக்கப்பட்டிருக்கிறது. புது டேப். நுனியில் பல் பதிந்திருக்கிறது.

பேய்க்குப் பல் உண்டா என்று யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். வேறு எதையும் யோசிக்க மாட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

அப்பா என்னை மொபெட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டார். ரயில்வே கேட் அடைத்திருந்தது. நிலக்கரி வண்டி போய்க்கொண்டே இருந்தது. அப்பாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. முகம் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"அப்பா, டேப்ப வாயால கடிக்காதீங்கப்பா" என்றேன்.

அவர் வண்டியை அணைத்தார். நிலக்கரி வண்டியின் கடைசிப் பெட்டியும் போனது. கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்பா வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"போன திருவிழாவுல லைட்டு போயி போயி வந்துச்சு பிள்ள. ஃபீசு கட்டையப் போடுவேன், அந்தப் பெட்டியச் சொருகுனதும் போயிரும். சனம் விசில் அடிக்காங்க. ஃபாதர் மைக்க வச்சிக்கிட்டு என்னையே பாக்காரு. தொபியாஸ் ஜெனரேட்டர்ட்ட நிக்கான். பச்ச வயருதான, அதுல கரண்டே வராதேன்னு அறுத்துட்டேன்." மொபெட்டின் ஸ்டாண்டைக் காலால் தட்டினார். "லைட்டு அணையாம நின்னுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க."

சித்தப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கே பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டாராம். யாரும் பார்க்குமுன் பெட்டியைத் தூக்கி எங்கள் மாடியில் போட்டு, கிட்டார்தான் காரணம் என்று ஊரில் சொன்னது அவர்தான். அப்பாவுக்காக. பெட்டியைப் பிரித்துச் சரிசெய்துவிட்டுத்தான் மெர்வினுக்குத் தருவேன் என்றும் சொன்னாராம். கசிவு எங்கே என்று போன வருடமே தேடினாராம். கண்டுபிடிக்க முடியவில்லை.

"ராத்திரி எதுக்குப்பா மேல போறீங்க?"

"அவன் கை பட்ட எடம்லா."

"செருப்பு போட்டுக்கிட்டாப்பா போவீங்க?"

அப்பா மொபெட்டின் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நான் அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். இனிமேல் போக மாட்டேன் என்று அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னார். "நாளைக்குக் காலைல நானே ஃபாதர்ட்ட சொல்லுதேன். அம்மாட்டயும் சொல்லணும். மெர்வின் அந்தப் பெட்டியத் தொட வேண்டாம்." சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

சாயங்காலம் மாடிக்குப் போய், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பெட்டியின் வயரை அம்மாவின் துணி வெட்டும் கத்திரியால் பிளக்கை ஒட்டி வெட்டினேன். வெட்டிய பிளக் என் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கிறது. கிட்டாரைக் கட்டிலில் நேராக வைத்து, அண்ணனின் பழைய சட்டையால் துருவைத் துடைத்தேன். நாளைக்கு அப்பா சொன்ன பிறகு அதை யாரும் கடலில் போட மாட்டார்கள். சாவியை ஆணியில் மாட்டவில்லை. என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. இன்றைக்குத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

அதே ராத்திரி

இரைகிறது.

மழைச் சத்தம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. மழை நின்றுவிட்டது. மேலேதான். ஊ என்று, எப்போதும்போல.

சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து பார்த்தேன், பிளக் இருக்கிறது, மூன்று பின்னும் இருக்கின்றன. அப்பா பூட்டை உடைத்திருப்பார். மிச்ச வயரின் முனையை உரித்துத் தீக்குச்சி வைத்துச் சுவர் சாக்கெட்டில் சொருகியிருப்பார். சித்தப்பாவின் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். மாடிப்படி நனைந்திருக்கும். வெறுங்காலோடு போயிருப்பார். என் தலையில் கை வைத்துச் சொன்னாரே.

ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். ஓடிப் போய்ச் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும், அவரைத் தொடக் கூடாது, முதலில் சுவிட்ச். எனக்கு ஏதாவது ஆனால் யாருக்காவது தெரிய வேண்டும், இந்த வரியை முடித்ததும் போய்விடுவேன்

அடங்கிவிட்டது.

கை வைத்துவிட்டார். கையை எடுத்தால் மறுபடியும் இரைய வேண்டும். இரையவில்லை. அப்பா கையை எடுங்கள். இன்னும் இரையவில்லை. எழுந்துவிட்டேன், நின்றுகொண்டே எழுதுகிறேன், போகிறேன்

கதவைத் தட்டுகிறார்கள்.

"இம்மா. நீ உள்ளதான இருக்க?"

அப்பாவின் குரல். என் கதவுக்கு வெளியே, அம்மா ஜெபம் முணுமுணுப்பதும் கூடவே கேட்கிறது. மேலே இன்னும் அடங்கியேதான் இருக்கிறது, கை இன்னும் கம்பியில்தான்